மூத்திர அடைப்பும் தலைவிதியும்
(பழனியில் பேசியது)



வெளியில் சொல்ல வெட்கப்படுகிற ஒரு சங்கதியைப் பற்றிச் சில வார்த்தை சொல்லுகிறேன். இரவில் நாலு தடவை எழுந்திருப்பதும், எவ்வளவு முக்கினாலும் மூத்திரம் சொட்டுச் சொட்டாக விழுவதும், வழியில் அவசரம் வந்துவிடுமோ என்று கொடைக்கானல் பஸ்ஸில் ஏறவே பயப்படுவதும் இங்குள்ள பெரியவர்கள் பலருக்குத் தெரியும். கேட்டால் "வயசாச்சு, தலைவிதி" என்கிறார்கள். தலைவிதிக்கும் மூத்திரத்துக்கும் என்ன சம்பந்தம்? மூத்திரப் பைக்குக் கீழே, குழாயைச் சுற்றி, பிராஸ்டேட் என்கிற சுரப்பி இருக்கிறது. வயது ஏற ஏற அது பெருத்துக் குழாயை நெருக்குகிறது. இவ்வளவுதான் சங்கதி.

இதற்கு இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். போகர் ஒன்பது பாஷாணங்களைக் கூட்டிச் சிலை செய்தார், அதில் பட்ட தீர்த்தம் சகல நோயையும் தீர்க்கும் என்று சொல்லுகிற ஊர் இது. ஆகையால் கூட்டு மருந்து உங்களுக்குப் புதிதல்ல. ஆனால் எந்த மருந்தானாலும், அது என்ன வேலை செய்கிறது, அதை அளந்து பார்த்தார்களா என்று நீங்கள் கேட்க வேண்டும்.

ஒன்று டாம்சுலோசின். அது நெருக்குகிற தசையைத் தளர்த்தும். சில நாட்களிலேயே குணம் தெரியும். ஆனால் சுரப்பி சிறுக்காது. மற்றொன்று டூட்டாஸ்டிரைடு. அது சுரப்பியை வளர்க்கிற ஹார்மோன் உண்டாவதைத் தடுத்து அதைச் சிறுக்க வைக்கும். ஆனால் ஆறு மாதம்வரை பொறுக்க வேண்டும். குணமில்லை என்று ஒரு மாதத்தில் நிறுத்துவது புத்திசாலித்தனமல்ல.

இதே வகையைச் சேர்ந்த டாக்ஸசோசின், பினாஸ்டிரைடு என்ற ஜோடியை அமெரிக்காவில் 3,047 பேரிடம் சுமார் நாலரை வருஷம் சோதித்து 2003-ல் வெளியிட்டார்கள். மருந்தில்லாத மாத்திரை தின்றவர்களோடு ஒப்பிட்டால், நோய் முற்றும் அபாயம் முதல் மருந்தால் நூற்றுக்கு 39 பங்கும், இரண்டாவதால் 34 பங்கும், இரண்டும் சேர்ந்து 66 பங்கும் குறைந்தது. இதற்குப் பெயர்தான் அத்தாட்சி.

கெடுதியையும் ஒளிக்கக் கூடாது. எழுந்து நிற்கையில் தலை சுற்றலாம். ஆண்மை குறையலாம், மார்பு பெருக்கலாம். கண்புரை ஆப்பரேஷன் செய்துகொள்பவர் டாம்சுலோசின் தின்பதைக் கண் டாக்டரிடம் சொல்ல வேண்டும். பி.எஸ்.ஏ. என்ற இரத்தச் சோதனையின் அளவை டூட்டாஸ்டிரைடு ஏறக்குறையப் பாதியாக்கிவிடும். இதை அறியாவிட்டால் புற்றுநோய் கண்ணுக்குத் தப்பிவிடும். எல்லோருக்கும் இரண்டும் வேண்டியதில்லை. சுரப்பி நன்றாகப் பெருத்தவர்களுக்கே கூட்டு. ஆகையால் முதலில் பரிசோதனை, பிறகே மாத்திரை. மூத்திரம் அடியோடு நின்றாலும், இரத்தம் வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பெரியார் கடைசி வருஷங்களில் மூத்திரக் குழாய் செருகிக்கொண்டுதான் ஊர் ஊராகப் பேசினார். 1973 டிசம்பர் 19-ல் தியாகராய நகரில் பேசியதே கடைசிப் பேச்சு. அவர் அதற்காக வெட்கப்படவில்லை. அவர் காலத்தில் இந்த மருந்துகள் கிடையாது. இன்று இருக்கிறபோதும், வெட்கத்தால் வாயை மூடிக்கொண்டு அவஸ்தைப்படுவது சுயமரியாதையாகுமா? யோசித்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக் கொள்ளுகிறேன்.