தையற்றொழிலும் தன்மானமும்

(கோச்சடையில் நிகழ்ந்த சங்கக் கூட்டத்திற் பேசியது)



தையற்றொழிலால் வாழும் நம் குடும்பங்களின் நிலை குறித்துச் சில சொற்கள் கூறுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். தொழிலின் தொன்மையைச் சொல்லி மகிழ்வது எளிது. தையற்காரரைப் பண்டைத் தமிழ் ‘துன்னகாரர்’ என வழங்கிற்று. புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தில் வாழ்ந்தோருள் அவரையும் சிலப்பதிகாரம் வைத்து எண்ணுகின்றது. ஆயினும், பழம்பெருமை உலையில் அரிசியாகாது. இன்று நம் இல்லங்கள் சிலவற்றில் தையற்பொறிகள் உறை போர்த்துக் கிடக்கின்றன. அதற்கு வழி யாது என்பதே நம் வினா.

நோயின் காரணத்தை முதற்கண் அறிதல் வேண்டும். ஆலைகளிற் பல அடுக்குத் துணியை ஒருங்கே வெட்டுகின்றனர். ஒருவர் காலர் தைக்க, ஒருவர் கை பொருத்த, ஒருவர் காஜா எடுக்க, சட்டை விரைந்து முடிகின்றது. அவ்விலைக்கு நாமும் தைப்போமெனக் கூலியைக் குறைத்துக்கொண்டே செல்வது, வெள்ளத்தை எதிர்த்து நீந்துவதேயாம். ஆனால் ஆலைக்கு ஒரு குறையுண்டு. அது அளவுக்குத் தைக்கின்றதேயன்றி ஆளுக்குத் தைப்பதில்லை. தோள் சரிந்தவரையும் முதுகு கூனியவரையும் அது அறியாது. ஆகவே, கடையில் வாங்கிய ஆடையும் பிடித்தற்கும் குறைத்தற்கும் தையற்காரரிடமே வருகின்றது.

இங்கேதான் நம்மவர் தவறுகின்றனர். “ஆல்ட்ரேஷன் எடுப்பதில்லை” என்று கடைவாயிலில் எழுதித் தொங்கவிடுவோர் நம்முள் உளர். பிறர் தைத்த துணியைத் தொடுவது குலத்தொழிலுக்கு இழுக்கு என்பது அவர் எண்ணம். அன்பர்களே, தைத்ததைப் பிரித்து, மெய்க்கு இசையத் திருத்தித் தைப்பது புதுத்துணி தைப்பதினும் அரிய வேலையன்றோ? கடன் வாங்கி உண்பது இழுக்கா, கிழிந்ததைத் தைத்து உண்பது இழுக்கா? மேலக்கால் சாலையின் இருமருங்கும் குடியிருப்புக்கள் பெருகுகின்றன. அங்கு வாழ்வோர் புதுச்சட்டை தைக்க வாராராயினும், கால்சட்டையின் நீளங் குறைக்கவும், சேலைக்கு ஃபால்ஸ் வைக்கவும், இரவிக்கை தைக்கவும் வருவர்.

நம் மதுரையிலேயே ஒரு சான்று உண்டு. திருமலை நாயக்கர் 17-ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த புதுமண்டபத்தின் கற்றூண்களினிடையே, சாதி சமய வேறுபாடின்றித் தையற்காரர் பலர் நெடுங்காலம் தொழில் புரிந்தனர். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகருக்கு நேர்ந்துகொண்டு வேடம் பூணும் அடியார்க்குச் சல்லடம், உருமால் முதலியன தைப்பது அவர்தம் சிறப்பு. எந்த ஆலையும் இவற்றை அவர்போல் தைத்துத் தரவியலாது. அண்மையாண்டுகளில் மண்டபத்துக் கடைகள் குன்னத்தூர்ச் சத்திரத்திற்கு மாற்றப்பட்டன. இடம் மாறிற்று; கைத்திறம் உடன் சென்றது.

ஆனால் ஒரே பருவத்தை நம்பும் வீட்டிற்கு ஓர் எச்சரிக்கையும் அதிலுண்டு. கொரோனாத் தொற்றால் 2020, 2021 ஆகிய ஈராண்டும் மக்கள் திரள அழகர் வைகையில் இறங்கவில்லை, பள்ளிகளும் மூடிக்கிடந்தன. விழாவையோ சீருடையையோ மட்டும் நம்பியிருந்தோர் பட்ட துயரம் பெரிது. ஆதலின், விழாவாடை, சீருடை, இரவிக்கை, பழுதுபார்த்தல் எனப் பல கால்களில் நிற்கும் பந்தலாக நம் தொழில் அமைதல் வேண்டும்.

இனி, கணக்கு. ஓர் இரவிக்கைக்குக் கூலி 250 ரூபாய் எனக் கொள்வோம். நூல், கொக்கி, லைனிங், மின்கட்டணம் ஆகியவற்றிற்கு 70 ரூபாய் போக, 180 ரூபாய் மிஞ்சும். வெட்டித் தைத்தவர் உழைப்பு இரண்டு மணி. ஆகவே மணிக்கு 90 ரூபாய் என வீட்டுத் தலைவர் மகிழ்கின்றார். அடுக்களை வேலை முடித்து, விளக்கடியில் ஒரு மணிநேரம் எம்மிங் செய்து கொக்கி வைத்த இல்லாளை அவர் கணக்கில் எழுதவில்லை. எழுதினால் மணிக்கு 60 ரூபாயே. அண்டைக் கடைக்காரரோடு போட்டியிட்டு இன்னும் 30 ரூபாய் குறைப்பாராயின், அவர் பறிப்பது தம் மனையாளின் கூலியையே. அவள் பெயரைக் கணக்கேட்டில் எழுதாத இல்லம், தன் நட்டத்தை அறியாமலே அழியும்.

சங்கத்தார்க்கு விண்ணப்பங்கள் மூன்று. ஓவர்லாக், பைக்கோப் பொறிகளைத் தனித்தனியே கடன்பட்டு வாங்காமல், பொதுவில் வாங்கி முறைவைத்துப் பயன்படுத்த ஆவன செய்க. தமிழ்நாடு தையல் தொழிலாளர்கள் நலவாரியத்திற் பதிவு செய்யாதோரை, வீட்டிலிருந்து தைக்கும் பெண்டிரையும் உட்படுத்தி, அழைத்துச்சென்று பதிவு செய்விக்க. முதுமையில் ஓய்வூதியம் பெற அது வழியாகும். ஒருவர் கூலியை மற்றவர் அறுக்காதபடி, நம்மவர் கூடிக் கீழெல்லை ஒன்று வகுக்க.

நம் பிள்ளைகள் இத்தொழிலில் நிற்பதோ, கல்வியால் வேறு தொழில் நாடுவதோ அவரவர் விருப்பம். ஆனால் தொழிலை விடுவோர் அதனை வெறுத்து விடலாகாது. நிற்போர் வேறு கதியின்றி நிற்கலாகாது. கணக்கறிந்து, எவ்வேலையையும் இழிவெனத் தள்ளாது, ஒருவரையொருவர் தாங்கி நிற்பதே நமக்குத் தன்மானம்.