பீரோவைத் திறந்து வையுங்கள்



ஒரு தீப்பெட்டி, ஒரு முழம் சைக்கிள் வால்டியூப், ஒரு கருவேல முள். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்க முடியுமா? முடியும். குச்சிகளில் இருக்கும் மருந்தைப் பெரியவர்கள் முதலிலேயே சுரண்டி எடுத்துவிட வேண்டும். வால்டியூபை விரற்கடை அளவுக்கு நறுக்கி, துண்டில் முனைக்கொரு குச்சியாகச் செருகினால், மடங்குகிற மூட்டு தயார். மூன்று குச்சி, மூன்று துண்டு சேர்ந்தால் முக்கோணம். நான்கும் நான்கும் சேர்ந்தால் சதுரம். இப்போது இரண்டையும் அமுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். சதுரம் ஒரு பக்கமாகச் சரிந்து சாய்சதுரமாகிவிடும். முக்கோணம் அசையாது. பக்கங்களின் நீளம் மாறாத வரை அதன் கோணங்களும் மாற வழியில்லை. செல்போன் கோபுரத்திலும் ரயில் பாலத்திலும் ஏன் இத்தனை முக்கோணங்கள் என்பதை அந்தப் பிள்ளையே நமக்குச் சொல்லும்.

முள் எதற்கு என்கிறீர்களா? டியூப் துண்டின் நடுவில் துளை போட. அந்தத் துளையில் மூன்றாவது குச்சி ஏறும். இப்படி நான்கு மூட்டுகளும் ஆறு குச்சிகளும் இருந்தால் நான்முகி ஒன்று மேசைமேல் நிமிர்ந்து நிற்கும்.

இதை உருவாக்கியவர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, புனேயில் லாரி தயாரிக்கும் தொழிற்சாலையில் பொறியாளராக இருந்தவர். 1978-இல் விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்துக்குப் போனார். கிராமத்து வாரச் சந்தையில் கிடைக்கும் சில்லறைச் சாமான்களை வாங்கி, எதைக்கொண்டு என்ன செய்யலாம் என்று பார்த்தபோது பிறந்தது இந்தக் குச்சி விளையாட்டு. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

அவரை அந்த மாவட்டத்துக்கு இழுத்தது அங்கே நடந்துகொண்டிருந்த ஒரு பெரிய அறிவியல் கற்பித்தல் முயற்சி. 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கி, 1978-இல் மாவட்டம் முழுக்கப் பரவியது. நான்கு பேர் கொண்ட குழுக்களாக உட்கார்ந்து பிள்ளைகள் தாங்களே சோதனை செய்தார்கள். பள்ளிக்குச் சோதனைப் பெட்டி வந்தது. ஆசிரியர்களுக்குக் கோடைதோறும் பயிற்சியும் மாதக் கூட்டமும் கூடவே வந்தன. தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம், செய்முறையும் உண்டு. 2002-இல் மாநில அரசு அதை நிறுத்திவிட்டது. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் அது.

ஹோஷங்காபாத்திலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான்: பெட்டியை மட்டும் கொடுத்தால் போதாது. ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு நல்ல மனதோடு யாரோ சாமான் வாங்கிக் கொடுக்கிறார்கள். அது ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறுகிறது. உடைந்தால் யார் கணக்குச் சொல்வது என்ற பயத்தில் பீரோவுக்குள் போய்ப் பூட்டிக்கொள்கிறது. வகுப்பாசிரியரைக் குறை சொல்லி என்ன பயன்? உடைந்ததை உடைந்தது என்று எழுதிவிட்டு அடுத்ததைக் கேட்க அவருக்கு உரிமை வேண்டும். அடுத்த ஆண்டு பேட்டரி தீர்ந்துபோகும், பல்பு எரிந்துபோகும், லிட்மஸ் தாள் காலியாகும். அவற்றை உள்ளூர்க் கடையிலேயே வாங்கிக்கொள்ள ஆண்டுதோறும் கொஞ்சம் பணம் வேண்டும்.

நம் தமிழ்நாட்டில் 2022 நவம்பரில் திருச்சியில் வானவில் மன்றம் தொடங்கப்பட்டது. 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காக, கருத்தாளர்கள் சோதனைப் பொருள்களோடு பள்ளிகளுக்கே போகிறார்கள். மனமார வரவேற்கிறேன். ஆனால் காந்தத்தைக் கண்டதும் கண் விரிகிற வயது ஏழும் எட்டும். தொடக்கப் பள்ளியில் இருக்கும் அந்தப் பிள்ளைகளின் கையிலும் ஆளுக்கொரு பூதக்கண்ணாடி இருக்க வேண்டும்.

பெற்றோர்களே, 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி இடம் உங்களுக்குரியது. ஒவ்வொரு வகுப்புக்கும் தேவையான கற்பித்தல் கருவிகள் இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு அவசியம் போங்கள். அறிவியல் சாமான்களைப் பிள்ளைகள் கடைசியாக எப்போது தொட்டார்கள் என்று தன்மையாகக் கேளுங்கள். முடிந்தவர்கள், போகும்போது கொஞ்சம் வால்டியூபும் இரண்டு காந்தமும் வாங்கிக்கொண்டு போங்கள்.