விருதுநகர் ஈன்றது, விருதுநகரே வீழ்த்தியது
(எம். புதுப்பட்டியில் ஆற்றிய உரை)



அண்மையிலுள்ள விருதுநகரில் 1903இல் பிறந்தவர் காமராசர். பள்ளிப் படிப்பை இடையில் விட்ட அவர், 1954இல் முதலமைச்சரானார். குலக்கல்வித் திட்டத்தைக் கைவிட்டார். பகலுணவு தந்து ஏழைப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்தார். அவ்வறத்தை மறப்போர் நன்றி கொன்றோரே.

ஆயின், அதே விருதுநகரில் 1956 சூலை 27இல், பேராயக் கட்சித் தொண்டரான சங்கரலிங்கனார், சென்னை மாநிலத்திற்குத் 'தமிழ்நாடு' எனப் பெயரிடுதல் முதலான 12 கோரிக்கைகளுக்காக உண்ணாநோன்பு தொடங்கினார். 70 நாள் கடந்தும் அரசு இணங்கவில்லை. அக்தோபர் 13இல் உயிர் நீத்தார். தம் ஊரிலேயே எழுந்த குரல் முதலமைச்சரின் நெஞ்சை அசைக்கவில்லை!

1965இல் இந்தியை எதிர்த்த தமிழர் சுடப்பட்டபோது, அனைத்திந்தியப் பேராயக் கட்சிக்கு அவரே தலைவர். 1967 தேர்தலில் விருதுநகர் மக்கள், மாணவர் தலைவர் சீனிவாசனை 1,285 வாக்கு மிகுதியால் வெல்வித்தனர். அரிசித் தட்டுப்பாடும் ஒரு கரணியமே. எனினும் மொழிப்போரே முதற் கரணியம். 1969 பொங்கல் நாளில் 'தமிழ்நாடு' எனும் பெயர் நடப்புக்கு வந்தது.

வீழ்ந்தது அவர்தம் தூய்மையன்று. தில்லிக்குப் பணிந்த கட்சி. சோறும் கல்வியும் தந்தவரேயாயினும், மொழியைக் காவாதாரை மக்கள் பொறுத்திலர். ஆள்வோர் உணர்க!