விடைத்தாள் நகல்

நேற்று பக்கத்து வீட்டுத் தம்பி முகம் வாடி வந்தான். பொறியியல் முதல் பருவத்தில், இயற்பியலில் அரியர். "படிப்பையே விட்டுடலாமான்னு இருக்குண்ணே" என்றான். எனக்குப் பகீரென்றது.

அண்ணா பல்கலைக்கழக விதிப்படி தேர்ச்சி பெறப் பருவத் தேர்வில் 45 சதவீதம், அகமதிப்பீட்டையும் சேர்த்து 50 சதவீதம் வேண்டும். எங்கே சறுக்கினோம் என்று பார்க்காமல் முடிவெடுக்கலாமா? கட்டணம் கட்டினால் விடைத்தாளின் நகல் கிடைக்கும். முடிவு வந்த சில நாட்களுக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். நகலை எடுத்துக்கொண்டு பாடம் நடத்திய ஆசிரியரிடம் போங்கள். திருத்தாமல் விட்ட பக்கம் உண்டா? கூட்டலில் பிழையா? இருந்தால் மறுமதிப்பீடு கேட்கலாம். கணக்குகள் எல்லாவற்றையும் பாதியில் விட்டிருந்தால் மறுமதிப்பீட்டுக்குக் கட்டும் பணம் வீண். அடுத்த பருவத் தேர்வோடு மறுபடி எழுதுவதுதான் வழி.

தேர்வில் தவறுவது யாருக்கும் நடக்கும். கணித மேதை ராமானுஜனே 1907-இல் எஃப்.ஏ. என்ற அன்றைய கல்லூரித் தேர்வில் தவறினார். உடலியங்கியல் அவருக்குப் பிடிபடவேயில்லை.

தம்பி இன்று சாயங்காலம் நோட்டோடு வருகிறான். அலைகள் பாடத்திலிருந்து ஆரம்பிக்கிறோம்.