கொலஸ்ட்ராலும் தலையெழுத்தும்



இன்று இந்தத் தியாகராய நகரில் நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கொலஸ்ட்ரால் என்பதாகும். அரசியல் பேசுவார்கள் என்று வந்த சிலருக்கு இது சப்பென்று இருக்கலாம். ஆனால், நேற்றுவரை நன்றாக நடமாடிய ஒருவர் 45 வயதில் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டால், "அவன் ஆயுசு அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு நாம் வீடு திரும்பிவிடுகிறோம். அந்தப் பேச்சு ஒழிய வேண்டும் என்பதுதான் நமது நோக்கம். தலையில் எழுதியிருப்பதாகச் சொல்லப்படுவதை இதுவரை எவரும் படித்ததில்லை. இரத்தத்தில் இருப்பதையோ ஓர் ஊசி குத்தி எவரும் அறியலாம். அறியக்கூடியதை அறியாமல் விட்டு, அறிய முடியாததன்மேல் பழி போடுவது எந்த விதத்தில் புத்திசாலித்தனமாகும்?

கொலஸ்ட்ரால் என்பது விஷமல்ல. மெழுகு போன்ற ஒரு பொருள். நமது உடம்புக்கு அது வேண்டும். அதில் பெரும்பகுதியை நமது ஈரலே உண்டாக்கிக் கொள்ளுகிறது. அது இரத்தத்தில் தனியாகப் போகமுடியாது. சில வாகனங்களில் ஏறித்தான் போகவேண்டும். எல்.டி.எல். என்னும் வாகனம் அளவுக்கு மிஞ்சினால், சரக்கை இரத்தக்குழாயின் சுவரில் இறக்கிவிடுகிறது. எச்.டி.எல். என்பது மிஞ்சியதைத் திரும்ப ஈரலுக்கு எடுத்துப் போகிறது. சுவரில் படிந்தது பல வருஷம் வளர்ந்து, ஒருநாள் வெடித்து, அங்கே இரத்தம் உறைந்து அடைத்துக் கொண்டால் அதுதான் மாரடைப்பு. இத்தனை வருஷமும் பெரும்பாலோருக்கு வலியில்லை, காய்ச்சலில்லை, ஓர் அடையாளமும் இல்லை. "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே" என்று சொல்லுவது எதற்கும் ருசுவாகாது.

இதைப்பற்றி நம்மிடையே மூன்று மூடநம்பிக்கைகள் இருக்கின்றன.

முதலாவது, இது மாமிசம் சாப்பிடுகிறவர்களுக்கு வரும் வியாதி என்பது. மயிலாப்பூரில் முட்டையைக் கையால் தொடாதவர்களுக்கும் மாரடைப்பு வருகிறது. மரக்கறி உண்பவருடைய ஈரலும் கொலஸ்ட்ராலை உண்டாக்கத்தான் செய்கிறது. நெய்யும் வெண்ணெயும் வனஸ்பதியும் அதைக் கூட்டுகின்றன. இன்னொரு வேடிக்கை, எண்ணெய் டப்பாவின்மேல் "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று அச்சடித்து விற்பது. நல்லெண்ணெய், கடலை எண்ணெய் எதிலுமே கொலஸ்ட்ரால் கிடையாது. இல்லாததை இல்லை என்று சொல்லிப் பெருமையடிப்பது வியாபாரத் தந்திரமே ஒழிய வேறில்லை.

இரண்டாவது, இது பருத்தவர்களுக்கே வரும் என்பது. பரம்பரையாகவே எல்.டி.எல். அதிகமாக இருக்கும் குடும்பங்கள் உண்டு. அவர்கள் ஒல்லியாக இருந்தாலும் இளமையிலேயே இருதய நோய் வரலாம். இந்தக் குறை எப்படி ஏற்படுகிறது என்று கண்டுபிடித்த பிரௌன், கோல்ட்ஸ்டீன் என்ற இரு விஞ்ஞானிகளுக்கு 1985இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். "எங்கள் வம்சத்துக்குச் சாபம்" என்று நாம் சொல்லிக் கொண்டிருந்ததற்கு அவர்கள் காரணம் காட்டினார்கள். காரணம் தெரிந்ததால் மருந்துக்கும் வழி பிறந்தது.

மூன்றாவது, இது பணக்காரர் வியாதி என்பது. இதுதான் மற்ற இரண்டையும்விட மோசமானது. ஏனென்றால், ஏழையை அசட்டையாக இருக்கச் செய்வது இதுதான். இதற்குப் பதில் இந்தத் தியாகராய நகரிலேயே இருக்கிறது. 1996 முதல் 1998 வரை சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் இரண்டு இடங்களில் வீடுவீடாகப் பரிசோதித்தார்கள். ஒன்று, நடுத்தர வருமானக்காரர் வாழும் திருமங்கலம் ஏஷியாட் காலனி. மற்றது, குறைந்த வருமானக்காரர் வாழும் தியாகராய நகர் பாரதி நகர். இருதய இரத்தக்குழாய் நோய் 100க்கு 11 பேரிடம் காணப்பட்டது. இரத்தக்குழாயைக் கெடுப்பதில் கொலஸ்ட்ராலுக்குக் கூட்டாளியான நீரிழிவு நடுத்தர மக்களில் 12.4 சதவிகிதம், ஏழைகளில் 6.5 சதவிகிதம். பத்து வருஷம் கழித்துப் பார்த்தால், நடுத்தர மக்களில் 15.4, ஏழைகளில் 15.3! சம்பளத்தில் சமத்துவம் வரவில்லை. வியாதியில் மாத்திரம் வந்துவிட்டது.

இது ஏன் என்று யோசிக்க வேண்டாமா? ஏஷியாட் காலனிவாசிகள் இந்தப் பரிசோதனையால் விழிப்படைந்து, தங்களுக்குள்ளேயே பணம் திரட்டி ஒரு பூங்கா அமைத்து நடக்க ஆரம்பித்தார்கள். வாரத்தில் மூன்று நாளைக்குமேல் தேகப்பயிற்சி செய்கிறவர்கள் 100க்கு 14 பேராக இருந்தது, 59 பேராக ஆயிற்று. அவர்களைப் பாராட்டுகிறோம். ஆனால் பணம் திரட்ட வழியில்லாதவர்கள் என்ன செய்வது? நாள் முழுதும் ஜவுளிக்கடையில் நின்றுவிட்டு, டீயும் பஜ்ஜியும் தின்று இரவு பத்து மணிக்கு வீடு திரும்புகிறவனைப் பார்த்து "காலையில் கடற்கரையில் நட" என்று உபதேசம் செய்வது நியாயமாகுமா? நடக்க இடமும், பரிசோதிக்க ஆளும், அதற்கு ஒருநாள் சம்பளத்தோடு லீவும் அவன் கேட்டு வாங்கவேண்டிய உரிமைகளாகும்.

பரிசோதனையில் பார்க்கவேண்டியது இதுதான். 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் மொத்தக் கொலஸ்ட்ரால் 200 மில்லிகிராமுக்குள்ளும், எல்.டி.எல். 100க்குள்ளும், டிரைகிளிசரைடு 150க்குள்ளும் இருப்பது நல்லது. எச்.டி.எல். ஆண்களுக்கு 40க்கும் பெண்களுக்கு 50க்கும் குறையக்கூடாது. 20 வயதான எவரும் ஒருதரம் பார்த்துக்கொள்ள வேண்டும். குடும்பத்தில் இளம்வயதில் மாரடைப்பு வந்திருந்தாலும், நீரிழிவு, இரத்த அழுத்தம், புகைப்பழக்கம் இருந்தாலும் டாக்டர் சொல்லும் கெடுவில் பார்த்துவர வேண்டும். இதற்காக அடையாறு கடைவீதியில் விளம்பரம் செய்கிற எழுபது, எண்பது பரிசோதனைக் கட்டுகளை வாங்கவேண்டிய அவசியமில்லை. இந்த ஒரு பரிசோதனையோடு சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்தாலே பெரும்பகுதி தெரிந்துவிடும்.

சாப்பாட்டு விஷயத்தில், தட்டில் மலைபோல் குவிக்கும் வெள்ளைச் சோற்றைக் குறையுங்கள். 2023இல் வெளியான அகில இந்திய ஆராய்ச்சி ஒன்றில் 100க்கு 67 பேருக்கு எச்.டி.எல். குறைவு என்று கண்டார்கள். மாவுப்பண்டம் மிகுந்த சாப்பாடும் உட்கார்ந்த பிழைப்பும் இதற்கு முக்கிய காரணங்களாகும். கீரை, பயறு, கொண்டைக்கடலை, மீன் இவற்றைக் கூட்டுங்கள். காய்ந்த எண்ணெயில் திரும்பத் திரும்பப் பொரித்ததை விலக்குங்கள். புகையை அடியோடு விடுங்கள். டாக்டர் மாத்திரை கொடுத்தால், எண் குறைந்துவிட்டதென்று நீங்களாக நிறுத்தாதீர்கள். குறைத்தது அந்த மாத்திரைதான்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவர்கள் நீங்கள். பரிசோதனைக்கும் கடைசியாகத்தான் போகிறீர்கள். மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கும் இந்த ஆபத்து ஏறுகிறது. ஆண்களே! உங்கள் இரத்தத்தைக் காட்டப்போகும்போது அவர்களையும் கூட்டிப் போங்கள்.

தோழர்களே! நாம் சொல்லுகிறோம் என்பதற்காக ஒன்றையும் நம்பவேண்டாம். பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சோதித்து, வந்த எண்ணைப் படித்து, அர்த்தம் விளங்காவிட்டால் டாக்டரை விடாமல் கேளுங்கள். உங்கள் உடம்பைப்பற்றிக் கேள்வி கேட்க உங்களுக்கு வெட்கம் வேண்டியதில்லை. அதுவும் சுயமரியாதைதான் என்று கூறி, இம்மட்டில் முடித்துக் கொள்ளுகிறோம்.