விளக்குமாறு யார் கைக்கு?
(லவ்டேலில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் சிறுபிள்ளைகளும் வீட்டு வேலையும் என்பதாகும். சாமி, சாஸ்திரம், ஜாதி இவைகளைப்பற்றிப் பேசவேண்டிய மேடையில் அடுப்பையும் விளக்குமாற்றையும் பற்றிப் பேச என்ன இருக்கின்றது என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். ஆனால் ஜாதியும் பெண்ணடிமையும் ஆகாயத்திலிருந்து குதிப்பவை அல்ல. நம் வீட்டில், ஐந்து ஆறு வயதில், "இது உன் வேலை, இது அவள் வேலை" என்று பிரித்துக் கொடுக்கின்றோமே, அங்கேதான் அவை விதைக்கப்படுகின்றன என்பது என் அபிப்பிராயம்.

இந்த மலையில் நடப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். கொழுந்து பறிக்கும் தாய் இருட்டோடு எழுந்து, பனிக்குளிரில் தண்ணீர் பிடித்து, சோறாக்கி வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போகின்றாள். மாலையில் திரும்பி வந்தால் மறுபடியும் அதே அடுப்பு. அவளுக்கு ஒத்தாசை யார்? எட்டு வயதுப் பெண். அந்தப் பெண்ணின் பத்து வயது அண்ணன் என்ன செய்கின்றான்? பந்து விளையாடிவிட்டு வந்து, "தண்ணி கொண்டா" என்று தங்கையை அதிகாரம் செய்கின்றான். அவன் விளக்குமாற்றைத் தொட்டுவிட்டாலோ, "ஆம்பிளைப் பிள்ளை இதைத் தொடலாமா?" என்று பாட்டியே பிடுங்கிக்கொள்ளுகின்றாள். தோழர்களே! மனுதர்மத்தைப் படிக்காமலேயே அந்தப் பையன் அன்றைக்கு மனுதர்மத்தைக் கற்றுக்கொண்டான் அல்லவா?

இது ஏதோ இரண்டொரு வீட்டின் கதை அல்ல. 2019-ஆம் வருஷம் இந்திய சர்க்கார், 6 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் பொழுதை எப்படிச் செலவிடுகின்றார்கள் என்று கணக்கெடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலையை 100 பெண்களில் 81 பேர் செய்தார்கள்; 100 ஆண்களில் 26 பேர்தான் செய்தார்கள். அப்படிச் செய்தவர்களிலும் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 299 நிமிஷம், ஆணுக்கு 97 நிமிஷம். இந்த வித்தியாசத்தை எந்தக் கடவுள் விதித்தான்? நாமேதான் விதித்தோம்.

1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மகாநாட்டில் பெண்களுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் செய்தோம். அது 1989-இல் தமிழ்நாட்டில் சட்டமாயிற்று. அறுபது வருஷம் ஆனாலும் சொத்தில் பாதியைச் சட்டத்தால் வாங்கிக் கொடுக்க முடிந்தது. அடுப்படியில் பாதியை எந்தச் சட்டம் வந்து எடுத்துக்கொள்ளும்? அதை நம் பிள்ளைகளைக் கொண்டுதான் செய்யவேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பிள்ளைகள் வேலை செய்யட்டும் என்றவுடன் பழைய பேர்வழிகள் சந்தோஷப்பட்டுவிட வேண்டாம். 1953-இல் ராஜாஜி அவர்கள் கிராமத்துப் பிள்ளைகளுக்கு அரை நாள் படிப்பு, மீதிப் பொழுதில் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். அது குலக்கல்வி என்று பெரியார் போராடினார். 1954-இல் ராஜாஜி பதவியைவிட்டுப் போனார், திட்டமும் ஒழிந்தது. 2022-இல் ஈரோடு ஜில்லாவிலேயே ஆதித்திராவிடப் பிள்ளைகளைக் கொண்டு பள்ளிக்கூடக் கக்கூஸைக் கழுவச் செய்ததாக ஒரு தலைமை ஆசிரியை மீது வழக்கு வந்தது. ஜப்பானிலும் பள்ளிப் பிள்ளைகள் வகுப்பறையைக் கூட்டித் துடைக்கின்றார்கள். ஆனால் அங்கே எல்லாப் பிள்ளையும் செய்கின்றது. இங்கே பிறப்பைப் பார்த்து ஆள் பொறுக்கப்படுகின்றது. அதுதான் வித்தியாசம்.

ஆகவே மூன்று கேள்வி கேளுங்கள். இந்த வேலையை வீட்டிலுள்ள எல்லோரும் செய்கின்றார்களா? பிள்ளையின் படிப்பும் விளையாட்டும் தூக்கமும் கெடாமல் இருக்கின்றதா? பெண்ணுக்குச் சொன்னதையே ஆணுக்கும் சொல்லுகின்றீர்களா? மூன்றுக்கும் ஆம் என்றால் அது கல்வி. ஒன்றுக்கு இல்லை என்றாலும் அது அடிமை வேலையே.

இந்த லவ்டேலில் லாரன்ஸ் பள்ளிக்கூடம் இருக்கின்றது. 1858-இல் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்காக ஏற்பட்ட அது, இன்று வசதியுள்ளவர்களின் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் இடம். பொதுவாகத் தங்கிப் படிக்கும் பள்ளிகளில், தன் படுக்கையைத் தானே மடிப்பதும் தன் பூட்ஸைத் தானே துடைப்பதும் ஒழுக்கம் என்று கற்பிக்கின்றார்கள். லட்சக்கணக்கில் பணம் கட்டிக் கற்றால் ஒழுக்கம். லைன் வீட்டில் தாய் சொன்னால் ஆண்மைக்கு இழிவா என்று கேட்கின்றேன்.

சின்னஞ்சிறுசுக்கு வேலையில் மனம் வருமா என்பீர்கள். ஜெர்மனியில் வார்னெக்கன், தொமசெல்லோ என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 2006-இல் ஒரு பரிட்சை வெளியிட்டார்கள். முன்பின் தெரியாத ஒருவர் கைக்கு எட்டாமல் ஒரு சாமானைத் தவறவிட்டுத் தவித்தால், 18 மாதக் குழந்தைகூட யாரும் சொல்லாமலே எடுத்துக் கொடுக்கின்றது என்று கண்டார்கள். 2008-இல் இன்னொன்றும் கண்டார்கள். உதவிக்கு விளையாட்டுச் சாமான் கூலியாகக் கொடுத்துப் பழக்கிய குழந்தைகள், கூலி நின்றவுடன் மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகவே உதவி செய்தன. ஆகையால் மிட்டாய் ஆசை காட்ட வேண்டாம், அதட்டவும் வேண்டாம். "வா, சேர்ந்து செய்வோம்" என்றால் போதும்.

மூன்று நான்கு வயதில் தன் விளையாட்டுச் சாமானைத் தானே எடுத்து வைக்கட்டும். ஐந்து ஆறில் தான் உண்ட தட்டைக் கழுவட்டும், துணி மடிக்கட்டும். எட்டு வயதில் வீடு கூட்டட்டும், அரிசி களையட்டும். அடுப்பும் அரிவாள்மணையும் இன்னும் பெரியவர்களான பின், நாம் பக்கத்தில் நின்று பழக்கவேண்டியவை. கூட்டின மூலையில் குப்பை மிச்சமிருந்தால் திட்டாதீர்கள். நீங்கள் மறுபடி கூட்டினால் அவன் எதிரில் கூட்டாதீர்கள்.

கடைசியாக அப்பன்மார்களுக்கு ஒரு வார்த்தை. பக்கத்திலுள்ள கேரளத்தில் 2024-இல் மூன்றாம் வகுப்புப் பாடப்புத்தகத்தில் தகப்பன் தேங்காய் துருவுகின்ற மாதிரிப் படம் போட்டார்கள். புத்தகத்தில் படம் வந்தது நல்லதுதான். ஆனால் பிள்ளை பார்க்கின்ற முதல் புத்தகம் நீங்கள்தான். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு மகனைப் பார்த்து "அம்மாவுக்கு உதவி செய்" என்றால் அவன் உங்கள் வார்த்தையைக் கற்கமாட்டான், நாற்காலியைத்தான் கற்பான். "அம்மாவுக்கு உதவி" என்ற பேச்சே தப்பு. உண்பவர் எல்லோருக்கும் அது சொந்த வேலை.

ஆகவே மேடையில் சமத்துவம் பேசும் தோழர்கள், இன்று இரவு வீட்டுக்குப் போய்த் தங்கள் தட்டைத் தாங்களே கழுவட்டும். மகனையும் மகளையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு கழுவட்டும் என்று கேட்டுக்கொண்டு, என் வார்த்தைகளை முடித்துக்கொள்ளுகின்றேன்.