சுமை இறக்கும் உலோகங்கள்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஐதரசன் எரிந்தால் எஞ்சுவது நீர். புகையுமில்லை, கரியுமில்லை. அத்தகைய எரிபொருளை மண்ணெண்ணெய் போலத் தகரத்தில் வாங்க முடியாதிருப்பதேன்? அதன் இலேசே காரணம். சாதாரண அமுக்கத்தில் ஒரு கிலோகிராம் ஐதரசன் ஏறக்குறைய 12 கன மீற்றர் இடத்தை அடைத்துக்கொள்ளும். திரவமாக்குவதாயின் சைபருக்குக் கீழே 253 பாகைவரை குளிரூட்டல் வேண்டும். இவ்விரு தொல்லைக்கும் மாற்றாகக் கண்ட வழியே சேதனத் திரவத் தாங்கி.

தீந்தை கரைக்க உதவும் தொலுயீனை நாம் அறிவோம். அதன் ஒவ்வொரு மூலக்கூறும் மூன்று ஐதரசன் மூலக்கூறுகளை ஏற்று மெதயில்சைக்கிளோஎட்சேன் ஆகும். இத்திரவத்தின் 100 கிலோகிராமில் ஏறக்குறைய 6 கிலோகிராம் ஐதரசன் அடங்கும். பெற்றோல் போலவே தாங்கியில் ஊற்றிக் கொண்டுசெல்லலாம். சேருமிடத்தில் சுமையை இறக்கியபின் தொலுயீன் வெறுங்கையோடு திரும்பும். யப்பானிய சியோடா கம்பனியும் கூட்டாளிகளும் 2020ஆம் ஆண்டில் புரூணையிலிருந்து கவாசாக்கிக்கு இவ்வாறே ஐதரசனைக் கப்பலிற் கொண்டுவந்து வாயுச் சுழலிக்கு ஊட்டினர். இயற்கை வாயுவிலிருந்து பெற்ற ஐதரசன் அது. ஆதலின் அதன் தூய்மையை நாம் புகழமாட்டோம். கொண்டுவந்த முறையே ஈண்டு நமக்குப் பொருள்.

ஏற்றுவது பெருஞ் சங்கடமன்று. நுண்ணிய நிக்கற்றூளைக்கொண்டு ஐதரசனைச் சேதனப் பொருள்களிற் சேர்க்கும் முறைக்காகவே பிரான்சு நாட்டுச் சபாத்தியே 1912இல் நோபெல் பரிசு பெற்றார். இறக்குவதிலேதான் இடர். 300 பாகைக்கு மேற்பட்ட வெப்பமும் தகுந்த உலோக ஊக்கியும் வேண்டும்.

மலிவான நிக்கல் போதாதா எனலாம். அது ஐதரசனை மட்டும் பறிப்பதில்லை. காபனுக்கும் காபனுக்கும் உள்ள பிணைப்பையும் முறிக்கும். மெதேன் பிறக்கும், ஒவ்வொரு பயணத்திலும் தாங்கி குறையும். பிளாற்றினமோ பெரும்பாலும் ஐதரசனோடு நிறுத்திக்கொள்ளும். ஆயினும் சுமை இழந்த தொலுயீன் உலோகத்தை விட்டு உடனே விலகவேண்டும். விலகாது தங்கினால் மேலும் சிதைந்து கரியாய்ப் படிந்து ஊக்கியை மூடிவிடும். பேச்சை முடித்துவைத்தபின் வீட்டைவிட்டுப் போகத் தெரிந்தவரே நல்ல கல்யாணத் தரகர்; ஊக்கியும் அப்படியே!

பிளாற்றினத்தின் விலையோ கடுமை. ஆதலின் அதனை ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பருமனுள்ள துணிக்கைகளாக அலுமினாவின் மேல் தூவுகின்றனர். அதனோடு சிறிது கந்தகமும் சேர்ப்பர். கந்தகம் ஊக்கிகளுக்கு நஞ்சென்றே வகுப்பிற் படித்தோம். ஆனால் அளவறிந்து இட்டால், அது துணிக்கையின் மூலைகளிலும் விளிம்புகளிலும் அமர்ந்து காபன் பிணைப்பு முறியும் இடங்களையே அடைத்துவிடுகிறது. இத்துறையில் நம்மை மிகக் கவர்ந்தது இதுவே.

இன்னும் சிறந்த ஊக்கி வந்தால் வெப்பச் செலவே ஒழியும் என்று நம்மில் சிலர் வாதிடுகின்றனர். நாம் அதை ஒப்பவில்லை. இரண்டு கிராம் ஐதரசனை இறக்க ஏறக்குறைய 68 கிலோயூல் வேண்டும். அதை எரித்தாற் கிடைப்பது 242 கிலோயூல். காற்பங்குக்கு மேல் கடனாகவே போகின்றது. ஊக்கி தாக்கத்தை விரைவாக்கும்; இக்கடனில் ஒரு சதமும் குறைக்காது. யேர்மனியில் ஆராயப்படும் இருபென்சயில்தொலுயீன் எளிதில் ஆவியாகாது, கையாளப் பாதுகாப்பானது. அதற்கும் ஏறக்குறைய 65 கிலோயூல் வேண்டும்.

ஆகவே வெப்பம் எங்கிருந்து வரும் என்பதையே முதலிற் கேட்கவேண்டும். மோட்டார் வண்டியில் வைக்கும் எரிபொருட்கலம் ஏறக்குறைய 80 பாகையில் இயங்குவது. அதன் கழிவு வெப்பம் இவ்வேலைக்கு உதவாது. 600 பாகைக்கு மேல் இயங்கும் திண்ம ஒட்சைட்டுக் கலமோ, சூளை ஓயாத தொழிற்சாலையோ துறைமுகத்தருகே இருக்குமாயின், வீணே போகும் வெப்பத்தில் இக்கடனைத் தீர்க்கலாம். வண்டியைவிட அவ்விடமே இத்தாங்கிக்கு ஏற்றதென்பது நமது எண்ணம்.